தகுதிச் சான்று பெற்ற வண்டியும் தெரிந்த குறையும்



"எஃப்.சி. முடிந்த வண்டி, இனி என்ன பார்க்க வேண்டியிருக்கிறது?" பழைய கார் விற்போர் நம் ஊர்களில் தவறாமல் சொல்லும் சொல் இது. மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு வணிகச் சட்டங்களைப் பாடம் நடத்துகிறோம் என்பதால், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமரும்போது இதையே கேள்வியாகக் கொண்டுவருவோர் உண்டு. அரசின் சான்று கிடைத்துவிட்ட வண்டியின் குறையை விற்பவர் எடுத்துச் சொல்லத்தான் வேண்டுமா என்பது விற்பவரின் கேள்வி. அந்தச் சான்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது வாங்குபவரின் கேள்வி. எங்கள் குடும்பம் இவ்விரு இடங்களிலும் நின்று பார்த்திருக்கிறது. ஆகவே மார்க்கச் சட்டத்தோடு மெக்கானிக் பட்டறையில் அறிந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சான்று எது என்பதில் தெளிவு வேண்டும். வாடகைக் கார், லாரி, பேருந்து போன்ற வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. சொந்த உபயோகக் காருக்கு அப்படி இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி அதன் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அது முடிந்த பிறகே வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். நம் மக்கள் எஃப்.சி. என்று பொதுவாகச் சொல்வது இந்தப் புதுப்பித்தலைத்தான்.

இதன் பொருளைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஒன்பது வயதான, பன்னிரண்டு வயதான சிறிய காரை நாம் வாங்குகிறோம் என்றால், ஷோரூமை விட்டு வெளியேறிய நாள் முதல் அதன் பிரேக்கையோ அடித்தளத்தையோ அரசின் சார்பில் எவரும் முறைப்படி சோதித்திருக்க வேண்டிய கட்டாயம் இருந்ததில்லை. இடையில் பெற்றாக வேண்டியது புகைச் சான்று மட்டும். அது புகைக்குழாயிலிருந்து வருவதை அளக்கிறது. சக்கரம் நிற்குமா என்பதைப் பற்றி அதற்குப் பேச்சில்லை. பிரிட்டனில் லெஸ்டரில் வாழும் எங்கள் உறவினர் ஒருவர், அங்கே மூன்று வயது நிறைந்த காரை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், ஒவ்வொரு சோதனையிலும் வண்டி ஓடிய தூரம் பதிவாகிறது என்றும், நம்பர் பிளேட்டைக் கொண்டு எவரும் அதைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். கேட்கப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கேயும் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலை அந்தச் சோதனையில் சேராது. சான்று எந்நாட்டுடையதாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு.

எங்கள் உம்மாவுக்கு 2020ஆம் ஆண்டின் இறுதியில் டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்துக்கு இருமுறை, 38 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனை. சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை நிமிர்த்த இயலாதிருப்பார்கள். அந்நிலையில் பேருந்தில் ஏற்றுவது கொடுமை. வாடகைக் காருக்கு ஒரு நடைக்கு 1,200 ரூபாய். மத்ரஸா ஆசிரியர் ஊதியத்தில் அது எத்தனை மாதம் தாங்கும்? வட்டிக்குக் கடன் பெற்றுப் புதுக் கார் எடுக்கலாம் என்று ஆலோசனை சொன்னோர் பலர். அந்த வாசலைத் திறக்க நாங்கள் விரும்பவில்லை. உறவினர் இருவர் தந்த அழகிய கடனும், வீட்டாரின் இரண்டு வளையல்களுமாகச் சேர்ந்து ஒன்றரை இலட்சம் ரூபாய் கையில் வந்தது. அந்தத் தொகைக்குள் கிடைப்பது பத்து வயதைக் கடந்த சிறிய கார்தான்.

முதலில் பார்த்த வண்டி 2005ஆம் ஆண்டுப் பதிவு. மூன்று மாதங்களுக்கு முன்புதான் புதுப்பித்து ஐந்தாண்டு வாங்கியிருந்தார்கள். புதிதாக வண்ணம் பூசிப் பளபளவென்று நின்றது. எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனை அழைத்துச் சென்றிருந்தோம். அவர் வண்ணத்தைப் பார்க்கவே இல்லை. ஜாக்கியைக் கதவுக்குக் கீழே, அதற்குரிய இடத்தில் வைத்து ஏற்றினார். வண்டி உயரவில்லை, தகடுதான் அப்பளம் போல நொறுங்கி உள்ளே போனது. தரையில் படுத்து உள்ளே டார்ச் அடித்தவர், பின்சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் குழாயை நகத்தால் சுரண்டிக் காட்டினார். துரு செதிள் செதிளாக உதிர்ந்தது. "பாய், ஓங்கி ஒரு மிதி மிதித்தால் இது வெடிக்கும். அன்றைக்கு உள்ளே யார் இருக்கிறார்களோ" என்றார். கடற்கரை ஊர்களில் பத்தாண்டுக்கு மேல் வெட்டவெளியில் நின்ற வண்டிகளுக்கு உப்புக்காற்று செய்வது இதுதான். மேலே தெரியாது.

விற்க வந்தவர் வயதில் மூத்தவர். அவர் பொய் சொன்னார் என்று நாங்கள் கருதவில்லை. "அரசாங்கத்து ஆளே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே தம்பி" என்று உண்மையான வியப்போடுதான் கேட்டார். "காக்கா, நீங்களும் இதில் போகாதீர்கள், முதலில் அந்தக் குழாயை மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அவருடைய வியப்பு நியாயமானதே. ஆனால் ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் பழக்கமானது. சாட்சி சொல்பவர் தாம் கண்டதற்கு மட்டுமே சாட்சி, காணாததற்கு அல்ல, கண்ட நாளுக்குப் பின் நடந்ததற்கும் அல்ல. மக்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் கையெழுத்தும் அத்தகைய சாட்சியமே. பின்னாளில் எங்கள் வண்டியைக் கொண்டுசென்றபோது நடந்ததைச் சொன்னால் விளங்கும். திறந்த மைதானத்தில் வரிசை. எஞ்சின் எண், சேசிஸ் எண் சரிபார்த்தார்கள். விளக்கு, ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், டயர் பார்த்தார்கள். சிறிது தூரம் ஓட்டி பிரேக் அடிக்கச் சொன்னார்கள். எங்கள் முறை வந்து முடிய கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த மைதானத்தில் வண்டியை உயர்த்தி அடியைப் பார்க்கும் ஏற்பாடே இல்லை. பிரேக், சஸ்பென்ஷன், முகப்பு விளக்கின் நேர்மை ஆகியவற்றை இயந்திரத்தில் ஏற்றி அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்கள் இப்போது வரத் தொடங்கியுள்ளன. அவை பரவினால் கண்ணளவுச் சோதனையின் குறை ஓரளவு தீரும். ஆனாலும் அளந்த நாளின் அளவுதான் அது.

சோதனைக்கென்றே நல்ல டயர்களை ஒருநாள் வாடகைக்கு மாட்டிச் சென்று, திரும்பியதும் தேய்ந்ததை மாட்டிவிடும் வழக்கத்தைக் கடைத்தெருவில் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பின்னால் திருப்புவதும் இதே இனம். இதைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு 'முஸர்ராத்' பாடம் நினைவுக்கு வரும். விற்பதற்குச் சில நாள் முன்பிருந்து ஆட்டின் பாலைக் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, எப்போதும் மடி நிறையக் கறக்கும் ஆடு போலக் காட்டுவது. இதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவருக்கு மூன்று நாள் அவகாசம் தந்து, விரும்பினால் வைத்துக்கொள்ளவும், விரும்பாவிட்டால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பித் தரவும் உரிமை அளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. அந்த ஆட்டின் மடிக்கும், திருப்பி வைத்த மீட்டருக்கும் என்ன வேறுபாடு? பிள்ளைகளிடம் இந்தப் பாடத்தை நடத்தும்போது இப்போதெல்லாம் ஆட்டை விட்டுவிட்டுக் காரையே எடுத்துக்காட்டுகிறோம், உடனே புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாவதாகப் பார்த்தது சென்னைப் பதிவு வண்டி. விலை மிகக் குறைவு, அதுவே உறுத்தியது. மெக்கானிக் அண்ணன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுக்கச் சொன்னார். வழக்கமாக இழுக்கும் அளவு வரை சுத்தமாக இருந்த பட்டை, அதற்கு அப்பால் சேற்றின் நிறத்தில் வந்தது. இருக்கையின் கீழுள்ள தண்டவாளத்தில் துரு. தரைவிரிப்பின் அடியில் மக்கிய வாடை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதை அவர் சொல்லாமலே உணர்ந்தோம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் மின்கம்பிகள் எப்போது எங்கே கெடும் என்று எவராலும் கூற இயலாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் நீரில் மிதந்ததை நாம் மறக்கவில்லை. அந்நாளில் நனைந்த கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. இன்று வாங்கும் சகோதரர்கள் சீட் பெல்ட்டை ஒருமுறை முழுதாக இழுத்துப் பாருங்கள். செலவில்லாத சோதனை அது.

மூன்றாவது வண்டியைத்தான் வாங்கினோம். 2010 பிப்ரவரிப் பதிவு. உரிமையாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முஸ்லிமல்லாதவர். முன்பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். ஆயில் மாற்றிய நாள், அப்போது ஓடியிருந்த தூரம், மாற்றிய பாகம், கொடுத்த தொகை எல்லாம் அதில் இருந்தன. நாங்கள் கேட்பதற்கு முன்பே, ஏ.சி. குளிர்ச்சி தராது, காலையில் இரண்டாவது கியர் விழ அடம்பிடிக்கும், பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒருமுறை கசிந்து சரிசெய்யப்பட்டது என்று மூன்றையும் சொல்லிவிட்டார். உணவுக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் மனனம் செய்திருக்கிறோம். அந்த ஆசிரியர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஈரத்தை மேலே எடுத்து வைத்தார். 1,42,000 ரூபாய்க்கு முடித்தோம்.

அந்த வண்டி நான்கு ஆண்டுகளுக்கு மேல் உம்மாவைச் சுமந்தது. இடையில் ஒரேயொரு முறைதான் வழியில் நின்றது, பேட்டரி தீர்ந்து.

இனி விற்பவரின் கேள்விக்கு வருவோம். "இருக்கிறபடியே விற்கிறேன், பின்னால் எதற்கும் என்னைக் கேட்கக் கூடாது" என்று சொல்லி விற்றால் பொறுப்பு தீர்ந்துவிடுமா? மத்ஹபுகளுக்கிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அத்தகைய நிபந்தனை செல்லும். ஆயினும் அறிந்த குறையை மறைத்த பாவம் அதனால் நீங்காது. நம் கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், உயிரினங்களின் உள்ளே மறைந்திருந்து விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை பயன்படும்; மற்றவற்றுக்குப் பயன்படாது என்பதே வலுவான சொல். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. இப்னு உமர் (ரழி) அவர்கள், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர், நோய் இருந்ததைத் தமக்குச் சொல்லவில்லை என்று முறையிட்டார். வழக்கு உஸ்மான் (ரழி) அவர்களிடம் சென்றது. விற்கும்போது அந்நோயை அறிந்திருக்கவில்லை என்று சத்தியம் செய்யும்படி இப்னு உமர் (ரழி) அவர்களிடம் கூறப்பட்டது. அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த மனிதர் நலமடைந்தபின் 1,500 திர்ஹத்துக்கு விற்கப்பட்டார் என்பது பின்கதை. நாம் கவனிக்க வேண்டியது தீர்ப்பின் முறையை. நிபந்தனை இருந்ததா என்பதோடு விசாரணை நிற்கவில்லை. விற்பவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதே கேட்கப்பட்டது.

வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. குறையைக் கண்டால் திருப்பித் தரும் உரிமைக்கு 'கியாருல் ஐப்' என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபில் கண்டவுடன் தாமதமின்றி அதைச் செயல்படுத்த வேண்டும். குறை தெரிந்த பிறகும் ஒரு மாதம் ஓட்டிவிட்டு, கல்யாணப் பயணம் எல்லாம் முடித்து, அப்புறம் கொண்டுபோய் நிறுத்துவோர் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

எங்கள் வண்டியின் 15 ஆண்டு 2025 பிப்ரவரியில் முடிந்தது. 2022 ஏப்ரல் முதல் அமலான காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் அப்போது 5,000 ரூபாயாக இருந்தது; பசுமை வரி தனி. பிரேக் ஷூ, இரண்டு டயர், ஒரு முகப்பு விளக்கு மாற்றிக் கொண்டுசென்றோம். தடையின்றிச் சான்று கிடைத்தது. அடுத்த மாதம், ரமளானில், உம்மா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதன்பின் அந்த வண்டிக்கு வீட்டில் வேலை இல்லை. பின்னிருக்கையில் அவர்களின் சிறு தலையணையைப் பார்ப்பதும் எளிதாக இல்லை. கடனில் மீதியும் இருந்தது. விற்க முடிவு செய்தோம்.

புதுச் சான்றோடு 95,000 ரூபாய் போகும் என்றார் தரகர். ஆனால் வண்டியில் இரண்டு குறைகள் எங்களுக்குத் தெரியும். இரண்டாவது கியர் இப்போது சில நேரம் தானாகவே கழன்றுகொள்ளும். உச்சி வெயிலில் நெரிசலில் இருபது நிமிடம் நின்றால் வெப்பமுள் ஏறும்; ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம் என்பது மெக்கானிக் அண்ணனின் கணிப்பு. இவை இரண்டும் அந்த மைதானத்தில் தெரிய வழியே இல்லாதவை. வாங்க வந்தவர் பக்கத்து ஊர் இளைஞர். மனைவி, இரண்டு கைக்குழந்தைகள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எஃப்.சி. எது வரை இருக்கிறது?" 2030 பிப்ரவரி வரை என்றதும் முன்பணத்தை எடுத்துவிட்டார்.

முன்பணத்தை வாங்காமல், இரண்டு குறைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். வேறு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வரும்படி சாவியையும் தந்தோம். உடனிருந்த மச்சானுக்கு வருத்தம். "கேட்காததை நாமாக ஏன் சொல்ல வேண்டும்? சர்க்காரே சரி என்று சொல்லிவிட்டதே!" என்றார். வீட்டார் உள்ளிருந்தபடியே, "அந்தப் பிள்ளைகள் இரண்டும் உட்காரப்போவது உம்மா உட்கார்ந்த இடத்தில்தானே" என்றார்கள். மச்சான் அதன்பின் பேசவில்லை. ஆனால் வருத்தம் தீர்ந்ததாகவும் சொல்ல முடியாது. கடன் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

மறுநாள் இளைஞர் திரும்பி வந்தார். 78,000 ரூபாய்க்குக் கேட்டார்; கொடுத்தோம். 17,000 ரூபாய் குறைவு. அத்தொகை எங்கள் ஒரு மாத ஊதியத்தை விட அதிகம். சுமையாகத்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

விற்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. விற்ற 14 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. வாங்கியவருக்கு 30 நாள். பெயர் மாறும் வரை அந்த வண்டியால் நேரும் விபத்துக்கு, பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுப் பொறுப்பாளர் என்று உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. அதுபோல வாங்குபவர்கள், ஆர்.சி.யில் கடன் பதிவு நிலுவையில் உள்ளதா, சேசிஸ் எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மிதி மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. மெக்கானிக்குக் கொடுக்கும் ஐந்நூறு, ஆயிரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். வண்டியை உயர்த்தி அடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். கேஸ்கட்தான் போயிருந்ததாம், 11,000 ரூபாயில் முடிந்தது. கியர்பாக்ஸை எங்கே கொடுப்பது என்று கேட்டார். எங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்ன பட்டறையின் முகவரியை அனுப்பினோம். அதே வாரம் ஆர்.சி. அவர் பெயருக்கு மாறிவிட்டது. தலைமையாசிரியர் தொடங்கி நாங்கள் தொடர்ந்த நோட்டு முன்பெட்டியில்தான் இருக்கிறது. எழுத இன்னும் ஏழெட்டுப் பக்கம் மீதி இருந்ததாக நினைவு.